ஈப்போக்காரருக்கு ஒரு மணி நேர மௌனம்

என் படத்தை நான் முதலில் பார்த்தது பேருந்தின் சன்னல் வழியாக. திருவட்டாறு தாண்டி ஒரு வளைவில் வண்டி வேகம் குறைத்தபோது, சாலையோரத்துக் கல்மண்டபத்தின் இரண்டு தூண்களுக்கு நடுவே நான் தொங்கிக்கொண்டிருந்தேன். ஆறடி உயர பிளெக்ஸ். என் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்தது. தலைக்கு மேலே நீல வானம், அதில் ஒரு வெள்ளைப் புறா, புறாவுக்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘ஒரு மணி நேர மௌனம்’. நெஞ்சுக்குக் கீழே ‘குணசேகர், ஈப்போ, மலேசியா. சனிக்கிழமை காலை பத்து மணி.’

பக்கத்து இருக்கைக்காரர் மடியில் ஒரு பலாப்பழம் வைத்திருந்தார். அவரும் பார்த்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு பழத்தை இறுக்கி அணைத்துக்கொண்டு இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்துவிட்டார்.

நான் சாகவில்லை என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் ஒரு பொது நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அமைதி வாசிப்பு நடத்துகிறோம். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள், ஒரு மணி நேரம் பேசாமல் ஆளுக்கொரு புத்தகம் வாசிப்பார்கள், கோப்பி குடித்துவிட்டுப் போவார்கள். இதில் என் திறமை ஒன்றுமில்லை. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே குளிரூட்டி ஓடும், அவ்வளவுதான். நாலு பேர் தூங்கிவிடுவார்கள், குறட்டை வராத வரைக்கும் அதையும் வாசிப்பாகவே எடுத்துக்கொள்வோம்.

நூலகர்களின் இணையக் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பெருமையடித்துவிட்டேன். மறுநாள் ஒரு அழைப்பு வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரின் நூலகர், பெயர் ஸ்டெல்லா.

“சார், நான் அடுத்த மாசக் கடைசியில ரிட்டயர் ஆகுகேன். பத்தொம்பது வருசமா இந்த நூலகத்துல தினமும் ‘சத்தம் போடாதுங்க’ன்னு சொல்லுகேன். ஒருத்தரும் கேட்டதில்ல. போறதுக்கு முன்ன ஒரு மணிக்கூறு, ஒரே ஒரு மணிக்கூறு, எனக்க வாசகருங்க எல்லாரும் வாய மூடி இருந்து வாசிக்கத நான் பாக்கணும். சித்திரையில நூலக வசந்த வாரம் வருது. வந்து நடத்தித் தருவியளா?”

எனக்கு விடுப்பு பாக்கி இருந்தது. அந்தப் பக்கத்துச் சாப்பாட்டைப் பற்றியும் நிறையக் கேள்விப்பட்டிருந்தேன். வருகிறேன் என்றேன். விளம்பரத்துக்கு ஒரு படம் கேட்டார். கடவுச்சீட்டுக்கு எடுத்த படம்தான் கையில் இருந்தது. அதில் சிரிக்கக் கூடாது என்பது குடிநுழைவுத் துறையின் விதி. அந்த விதி என்னை இங்கே கொண்டுவந்து விடும் என்று நான் நினைக்கவில்லை.

பேருந்து என்னை மண்டபத்துக்கு எதிரே இறக்கிவிட்டது. அன்று சித்திரை விஷு. கடைகளெல்லாம் பூட்டிக் கிடக்க, ஒரே ஒரு டீக்கடை மட்டும் திறந்திருந்தது. கடைக்காரர் பெயர் தங்கப்பன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொரி அடுக்கியிருந்தது. எங்கள் ஊர் பீசாங் கோரேங்கை விடச் சிறந்த வாழைப்பழப் பலகாரம் உலகத்தில் இல்லை என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ஏத்தன் பழத்தை நீளவாக்கில் சீவி, மாவில் தோய்த்துப் பொரித்த அந்த ஒன்றைக் கடித்தவுடன் அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

தங்கப்பன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “மரிச்சது ஒங்க அண்ணனா?”

“இல்லைங்க, அது நான்தான்.”

அவர் இன்னொரு பழம்பொரியை எடுத்து என் தட்டில் வைத்தார்.

“சாப்பிடுங்க. வயிறு காயப்பிடாது. எனக்க மாமா மரிச்சப்ப அத்தையும் இப்பிடித்தான். போனது நான்தான், போனது நான்தான்னு நாலு நாளு பறஞ்சிட்டிருந்தா. பொறவு செரியாச்சு.”

கடவுச்சீட்டை எடுத்துக் காட்டினேன். அதிலும் அதே படம். தங்கப்பன் அதைப் பார்த்து, “அண்ணனுக்க பாஸ்போர்ட்டையும் கையில வச்சிட்டு அலையுதாரே” என்று பக்கத்தில் நின்றவரிடம் மெல்லச் சொன்னார். கேட்டவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் டீயைக் குடித்துவிட்டு நூலகத்துக்கு வழி கேட்டேன். “இன்னா இருக்கு” என்றார், இதோ பக்கத்தில்தான் என்கிற மாதிரி. அந்த ‘இன்னா’ வெயிலில் முக்கால் மணி நேரம் நீண்டது.

நூலகம் ஒன்றரை அறை. விடுமுறை நாளிலும் வசந்த வாரத்துக்காக ஸ்டெல்லா திறந்து வைத்திருந்தார். வாசலில் ஒரு பலாமரம், உள்ளே நாலு மேசை, எட்டு அலமாரி. ‘அமைதி காக்கவும்’ என்ற பலகை சுவரில் இருந்தது, அதன் ஆணியிலேயே ஒரு காலண்டரையும் தொங்கவிட்டிருந்ததால் ‘கவும்’ மட்டும் தெரிந்தது. ஒரே செய்தித்தாளை நாலாகப் பிரித்து நாலு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் தாளில் உள்ளதை மற்ற மூவருக்கும் உரக்கச் சொல்ல, மற்ற மூவரும் அதை மறுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா என்னை வரவேற்றது எனக்குக் கேட்கவில்லை, உதடு அசைவதைத்தான் பார்த்தேன்.

பிளெக்ஸைப் பற்றிச் சொன்னதும் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் இன்னும் அதைப் பார்த்திருக்கவில்லை. அடிக்கச் சொன்னதும் கட்டியதும் வாசகர் வட்டத் தலைவர் செல்லையா சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நுனியை முறுக்கிவிட்ட நரை மீசை. அவரும் அங்கேதான் இருந்தார், செய்தித்தாளின் மூன்றாவது கால்பங்கில்.

“கடைக்காரன்கிட்ட நல்ல கொள்ளாவுன்ன டிசைனா போடுன்னு போன்ல சொன்னேன். அவன்கிட்ட இருந்ததுல அதுதான் கொள்ளாம். இந்தப் பக்கம் மரிச்சவியளுக்குத்தான் அவன் கூடுதல் அடிக்கது, எல்லாம் அந்த மாதிரிதான்” என்றார்.

“சார், வாசிப்புன்னு ஒரு வார்த்தை அதுல இல்லியே” என்றார் ஸ்டெல்லா.

“யாரு சொன்னா இல்லன்னு? ‘புத்தகத்தோடு கூடுவோம்’னு அடியில போட்டிருக்கு. நீளம் கூடிப்போச்சு, தரையில இழுவும்னு மடக்கிக் கெட்டுனேன். மடிப்புக்க உள்ள இருக்கு.”

உடனே கழற்ற வேண்டும் என்றார் ஸ்டெல்லா. பிளெக்ஸ் கடைக்காரர் விஷுவுக்கு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார், திங்கட்கிழமைதான் வருவார், இதைக் கழற்றினால் வேறு விளம்பரம் கிடையாது, ஆளே வராது என்றார் செல்லையா சார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “வந்தாலும் இந்த ஊருக்காரன் ஒரு மணிக்கூறு சத்தமில்லாம இருக்க மாட்டான், ஸ்டெல்லா. இருந்தான்னா நான் இந்த மீசைய எடுத்திருகேன்.”

நாலு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பத்தொன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம் அது. எனக்குக் கோபம் வந்தது. பிளெக்ஸில் தொங்குபவன் நான், கோபப்பட எனக்கு உரிமை உண்டு. எப்படியும் நடத்திக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் ஒரு சமரசம் செய்தோம். வசந்த வார ஓவியப் போட்டிக்கு வந்த படங்கள் ஒரு கட்டு இருந்தன. குத்துவிளக்கையும் புறாவையும் மறைத்து அவற்றை ஒட்டிவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். போட்டியின் தலைப்பு வசந்தம், ஆகவே எல்லாரும் பூ வரைந்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். விளக்குகள் மறைந்துவிட்டன. என்னைச் சுற்றி உச்சி முதல் பாதம் வரை பூவாக இருந்தது. அதைப் பார்த்து யாரோ உருகிப்போய் ஒரு முழு பிச்சிப்பூ மாலையையும் சாத்தியிருந்தார்கள். கீழே ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வரலாற்று இடங்களைப் பார்க்கும் நாள். நூலகம் ஒரு வேன் பிடித்திருந்தது. பதினெட்டுப் பேர் ஏறினோம், பதினெட்டுப் பேரில் பதினேழு பேர் ஒரே சமயத்தில் பேசினார்கள். எனக்குப் பக்கத்தில் சரசம்மா என்றொரு பெண்மணி. முந்திரி ஆலையில் வேலை, நூலகத்தில் உறுப்பினர் இல்லை, புத்தகம் தொட்டுப் பல வருடம் ஆயிற்று, வேனில் இடம் இருந்ததால் வந்தார். உட்கார்ந்தவுடன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தங்கப்பன் எல்லாம் பறஞ்சான்” என்று மட்டும் சொன்னார்.

வழியில் வேன் இரண்டு முறை நின்றது. ஒரு முறை சூடாகி நின்றது. இன்னொரு முறை, போகும் பாதை சரியா தவறா என்று பின்னால் இருந்தவர்கள் வாக்குவாதம் செய்ததில் ஓட்டுநர் வெறுத்துப்போய், முடிவு செய்து சொல்லுங்கள் என்று இறங்கிப் போய்விட்டார். அவரை ஒரு கரும்புச்சாற்றுக் கடையிலிருந்து மீட்டு வந்தோம்.

உதயகிரிக் கோட்டையில் மதில் ஓரமாக நடந்தோம். செல்லையா சார் வரலாறு சொன்னார். அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இன்னும் மூன்று பேர் மூன்று வேறு வரலாறு சொன்னார்கள். டச்சுத் தளபதி ஒருவரின் கல்லறை அங்கே இருக்கிறது, கூரையில்லாத தேவாலயச் சுவர்களுக்கு நடுவே. எங்கள் ஊரில் இப்படி ஓர் இடத்தில் கம்பி வேலி போட்டு, ஒரு பலகை வைத்து, தொடாதே என்று நாலு மொழியில் எழுதியிருப்பார்கள். இங்கே சரசம்மா கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். “பாவம், அன்னிய நாட்டுல வந்து மரிச்சிருக்காரு, ஒங்க அண்ணன மாதிரி” என்று எனக்கு ஒரு முறுக்கு கொடுத்தார்.

அங்கிருந்து சிதறால் மலை. இரண்டு பக்கமும் கொல்லா என்கிற முந்திரி மரங்கள், நடுவே கல் பாவிய பாதை. மேலே பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்கள், கண்களைத் தாழ்த்தி, கைகளை மடியில் வைத்து. காற்று ஒன்றுதான் சத்தம். ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன். என் ஆயுளில் அவ்வளவு அமைதியான முகங்களைப் பார்த்ததில்லை.

“இந்த வட்டாரத்துல வாய மூடி இருந்தது இவிய மட்டும்தான்” என்றார் செல்லையா சார். “அதான் கல்லுல அடிச்சு வச்சிருக்கு, ஒரு அதிசயமா.”

இறங்கும்போது சரசம்மா என் கையை விடவில்லை. “அண்ணனுக்குப் பிள்ளைய உண்டா?”

“ரெண்டு பேர்” என்றேன். எனக்கு இரண்டு பிள்ளைகள்.

“மதினி தாங்குவாளா?”

ஈப்போவில் இருக்கும் என் மனைவியை நினைத்துப் பார்த்தேன். தாங்குவாள் என்றுதான் தோன்றியது. ஆனாலும் அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்ததால் தலையைக் குனிந்துகொண்டேன். சரசம்மா முதுகைத் தடவிக்கொடுத்தார். “அம்மா, அந்தப் படத்துல இருக்கிறது நான்தான், நான் சாகல” என்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். “செரி மக்கா, செரி” என்று இன்னும் வேகமாகத் தடவினார்.

மதியம் நூலக வளாகத்தில் வசந்த வார விருந்து. பலாமர நிழலில் பந்தி போட்டிருந்தார்கள். அவியல், எரிசேரி, துவரன், பருப்பு, சாம்பார் என்று வந்துகொண்டே இருந்தது. பிறகு பாயசம் வந்தது, போளியோடு. எங்கள் ஊரில் பாயசம் வந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். நான் திருப்தியாக வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இலையை மடக்கி எழுந்தேன். பந்தி முழுவதும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. ரசத்து வாளியோடு வந்தவர் அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் புளிசேரி நின்றது, அதற்குப் பின்னால் மோர் நின்றது. இங்கே பாயசம் என்பது பாதி வழி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

“துக்கம். எறங்க மாட்டேங்குது அவருக்கு” என்று சரசம்மா பக்கத்து இலைக்குச் சொன்னார். அது இலை இலையாகப் போய்க் கடைசி வரிசையை அடைந்தது. அந்த விருந்தில் இருந்தவர்களில் யாருக்காவது அதுவரை சந்தேகம் இருந்திருந்தால் அத்தோடு தீர்ந்திருக்கும். நான் புளிசேரி சாப்பிடாமலே அந்த ஊரை விட்டு வர வேண்டியதாயிற்று. அது இன்றைக்கும் என் மனத்தில் ஒரு குறைதான்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நானும் ஸ்டெல்லாவும் மண்டபத்துக்குப் போய்விட்டோம். பதினாறு கல்தூண், முன்னால் சுமைதாங்கி. பின்பக்கம் ஒரு சின்ன அறை, அந்தக் காலத்தில் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பானை வைத்திருந்த இடம். ஆட்டோவில் கொண்டுவந்த புத்தகங்களைத் திண்டில் அடுக்கினோம். பாய் விரித்தோம். செல்லையா சார் மைக் செட்டோடு வந்தார். அமைதி வாசிப்புக்கு மைக் எதற்கு என்று கேட்டேன். “அமைதியா இருங்கன்னு பின்ன எப்பிடிச் சொல்லுகது?” என்றார். சட்டைப் பையில் வரவேற்புரை நாலாக மடித்து இருந்தது.

இருபது பேர் வந்தால் அதிசயம் என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தார். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் சாலையைப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி, தலை குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல். முதலில் முப்பது, பிறகு ஐம்பது, எழுபதுக்கு மேல் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். தங்கப்பன் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். ஆட்டோ நிறுத்தத்துக்காரர்கள் இரண்டு பேராகப் பிடித்து ஒரு மலர்வளையம் கொண்டுவந்து என் படத்தின் கீழே சாத்தினார்கள்.

“சார்” என்றார் ஸ்டெல்லா.  “அவிய வாசிக்க வரல்ல. ஒங்க துட்டிக்கு, துக்கம் கேக்க வந்திருக்காவ.”

நான் முன்னால் போய் உண்மையைச் சொல்லப் புறப்பட்டேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்தார். பத்தொன்பது வருடத்தில் யாரையும் தொட்டு நிறுத்தியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், அவருக்கே அது கூச்சமாக இருந்தது.

“நான் பொய் சொல்ல மாட்டேன். யாராவது வந்து கேட்டா உள்ளதச் சொல்லிருவேன். ஆனா பாருங்க சார், எல்லாரும் எப்பிடி இருக்காவன்னு பாருங்க. எனக்க காலத்துல இவிய இப்பிடி இருந்து நான் பாத்ததில்ல. நீங்க முன்னால நின்னியள்னா வந்து கையப் புடிச்சு அழுவாவ, சத்தம் வரும். அந்த உள்முறியில போய் இரிங்க. ஒரு மணிக்கூறு கழிஞ்சு நீங்களே வந்து எல்லாத்தையும் சொல்லிருங்க.”

அவர் கண்ணைப் பார்த்த பிறகு வேறு பேச்சுக்கு இடமில்லை. கையில் கிடைத்த ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்கு இடைவெளி இருந்தது, அது வழியாகப் பார்க்க முடிந்தது.

கூட்டம் தலை குனிந்து நின்றது. ஸ்டெல்லா ஒவ்வொருவரிடமும் போய் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, “இருந்து வாசிங்க” என்று மெல்லச் சொன்னார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. இந்தப் பக்கத்தில் துக்க வீட்டில் வாசிப்பது வழக்கம். கிறிஸ்தவர்கள் வேதம் வாசிப்பார்கள், இந்துக்கள் வீட்டில் புராணம் படிப்பார்கள், அய்யாவழிக்காரர்கள் ஏடு வாசிப்பார்கள். துக்கத்தை நடத்துவது நூலகம், ஆகவே நூலகப் புத்தகம். அவர்களுக்கு அது முறையாகவே பட்டிருக்க வேண்டும். எழுபது எண்பது பேரும் சம்மணமிட்டு உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார்கள்.

செல்லையா சார் வரவேற்புரையை எடுத்தார். ஸ்டெல்லா போய் மைக் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். செல்லையா சார் தாளை மறுபடி மடித்துப் பையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மைக் இல்லாமல் பேசுவது அவர் கௌரவத்துக்கு ஒத்துவராது. ஒரு புத்தகம் அவர் மடிக்கும் வந்தது, சிங்கம் ஒன்று கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கும் அட்டை.

அதன் பிறகு நான் கேட்டதெல்லாம் தாள் புரளும் சத்தம். ஒரு மாங்காய் கூரைக் கல்லில் விழுந்து உருண்டது, யாரும் நிமிரவில்லை. பேருந்து வந்து நின்றது. நடத்துநர் படியில் தொங்கியபடி ஊர்ப் பெயரைக் கூவ வாயைத் திறந்தார், பிளெக்ஸைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். விசிலைக் கூட ஊதாமல் கூரையில் இரண்டு தட்டுத் தட்டி வண்டியை அனுப்பினார்.

ஆட்டோக்காரர் ஒருவருக்குச் சமையல் புத்தகம் கிடைத்திருந்தது, நாக்கைச் சப்புக்கொட்டி வாசித்தார். தங்கப்பனுக்கு நகைச்சுவைத் துணுக்குகள். துக்கத்துக்கு வந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தோள் குலுங்க இருந்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர் அழுகிறார் என்று நினைத்து முதுகில் தட்டினார். சரசம்மாவுக்கு ஒரு துப்பறியும் நாவல். முதல் பக்கத்தில் விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தவர், கொஞ்ச நேரத்தில் விரலை எடுத்துவிட்டார்.

என் நிலைமை வேறு. பின்னறையில் சிவப்பெறும்புக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. முதல் கடி கணுக்காலில், இரண்டாவது சொல்ல முடியாத இடத்தில். துள்ளிக் குதித்தால் ஸ்டெல்லாவின் ஒரு மணி நேரம் போய்விடும். சிதறாலில் பார்த்த கல்முகங்களை நினைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். அவர்களுக்கு எறும்பு கடித்திருக்காதா என்ன.

கைக்கடிகாரத்தில் பதினொன்று ஆனதும் வெளியே வந்தேன். சொல்ல வேண்டியதைத் தயார் செய்து வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டு, நான் சாகவில்லை என்று சொல்லி, வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினேன்.

ஒருவரும் நிமிரவில்லை. இன்னொரு முறை செருமினேன். தங்கப்பன் மட்டும் பார்த்தார். விரலை உதட்டில் வைத்து, “ஸ்ஸ்” என்றார். சரசம்மா தலையைத் தூக்காமலே, “கொஞ்சம் அனங்காம இரிங்க, கொன்னவன் யாருன்னு இப்பத் தெரிஞ்சிரும்” என்றார்.

என் துக்கத்துக்கு வந்தவர்கள் என்னைப் பேசவிடவில்லை. திரும்பி ஸ்டெல்லாவைப் பார்த்தேன். மைக் பெட்டியில் உட்கார்ந்தபடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கண்ணீர் தாடை வரைக்கும் வந்தும் துடைக்கவில்லை, துடைத்தால் சத்தம் வருமோ என்ற பயம் போல. நானும் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கும் கண் கலங்கியது, எறும்பு மட்டும் காரணமில்லை.

பதினொன்றரை தாண்டித்தான் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சரசம்மா புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் நின்றார், இன்னும் முப்பது பக்கம் பாக்கி. அங்கேயே உறுப்பினராகச் சேர்த்து ஸ்டெல்லா புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது.

“இது கணக்குல வராது. இது துட்டி, வாசிப்பு இல்ல” என்றார் செல்லையா சார்.

“சார், ஒங்க சிங்கத்துக்குக் கடைசியில கண்ணாடி கெடச்சுதா?” என்றார் ஸ்டெல்லா.

“அது கொரங்கு எடுத்திட்டுப் போயி…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கை தானாக மீசைக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன். ஸ்டெல்லா வழியனுப்ப வந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார், ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “நான் கண்டாச்சு சார், அது போதும். ஆனா இத ஒருக்கா நடந்துதுன்னுதான் பறயணும். நான் போனா பொறவு யாரு இவியளக் கூட்டி இருத்துவா?”

 செல்லையா சாரும் வந்து நின்றார், தோளில் கிடக்க வேண்டிய துண்டால் மூக்குக்குக் கீழே மூடிக்கொண்டு. நான் பார்க்கவில்லை என்பது போல் பார்த்தேன்.

எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிவிட்டே போவது என்று கடைசியாக ஒரு முறை தங்கப்பனிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஒரு பொட்டலம் பழம்பொரியை என் கையில் திணித்தார்.

“நாங்க கடைக்காரரு எல்லாரும் கூடிப் பேசியாச்சு” என்றார். “அண்ணனுக்க ஆண்டு அடுத்த சித்திரையில வரும்லா. இதே மண்டபம், இதே நேரம், ஆளுக்கு ஒரு புஸ்தகம். ஸ்டெல்லாம்மா ரிட்டயர் ஆனாலும் வந்து எடுத்துத் தரணும்னு கேக்கப் போறோம். ஒரு வருசம் கூட விட மாட்டோம். மரிச்சவியளுக்குச் செய்யுகத இந்த ஊருல முடக்குகது இல்ல. தம்பி நீங்க வருவியளா?”

ஸ்டெல்லா எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

கடவுச்சீட்டைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொண்டேன். “வருவேன்” என்றேன். “அண்ணனுக்கு வாசிப்புன்னா உயிர்.”

பேருந்து வளைவில் திரும்பியபோது சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நான் அங்கேதான் இருந்தேன், தூண்களுக்கு நடுவே. யாரோ பழைய மாலையை எடுத்துவிட்டுப் புதிய மாலை போட்டிருந்தார்கள்.